ஒருவரும் இறக்காத ஹோம்

அப்பாவுக்காக முதியோர் இல்லம் தேடி நானும் தம்பியும் ஏழெட்டு இடம் ஏறி இறங்கினோம். அடையாறின் உள்தெரு ஒன்றில் இருந்த ஹோமின் நிர்வாகி எங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, "இந்தப் பத்து வருஷத்துல நம்ம ஹோம்ல ஒருத்தர்கூட இறந்ததில்ல மேடம்" என்றார். எனக்கு அந்த இடம் உடனே பிடித்துப் போயிற்று. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். எண்பதைத் தாண்டிய முப்பது பேர் இருக்கும் வீட்டில் பத்து வருடமாக யாரும் சாகவில்லை என்றால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று கேட்டிருக்க வேண்டாமா? என் மாணவி எவளாவது இப்படி ஒரு விடை எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன். அன்றைக்கு நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பனகல் பார்க் அருகே ரவிக்கைத் துணிக்கு மட்டும் ஒரு கடை போட்டு, அதிலேயே எங்களை வளர்த்து ஆளாக்கியவர். எந்தப் புடவையைக் கொண்டுவந்து விரித்தாலும் ஒரே பார்வைதான். அடுக்கிலிருந்து அவர் உருவிப் போடும் துணி அச்சாகப் பொருந்தும். வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று சொல்லும் பெண்களிடம், "பாத்துட்டு வாங்க, நான் இங்கதான இருக்கேன்" என்பார். போனவர்கள் வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவார்கள். அம்மா போன பிறகு அவருடைய இருதயம் பலவீனமாகிவிட்டது. மந்தைவெளியில் என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தம்பி குடும்பமோ கடைக்கு மேலேயே குடியிருந்தது. படி ஏற முடியாத மனிதர் எங்களை வாயைத் திறக்க விடாமல், "நான் ஹோமுக்குப் போறேன். யாரும் அழுது வைக்காதீய" என்று தானே முடிவெடுத்துவிட்டார்.

அவருடைய அறையில் இன்னொருவர் இருந்தார். மயிலாப்பூர்க்காரர், கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அப்பா அவரைச் சாமி என்பார், அவர் அப்பாவை முதலாளி என்பார். ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனால் காலைக் காப்பியை ஒருவர் வராமல் மற்றவர் குடிக்க மாட்டார்.

அந்த ஹோமின் கணக்கு எங்கே இடிக்கிறது என்பதை மாமாதான் எனக்குச் சொன்னார். கேட்டை ஒட்டி ஒரு முன் அறை இருந்தது. சக்கரம் வைத்த கட்டில் ஒன்று, ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, வேறொன்றும் இல்லை. யாருக்காவது உடம்பு மோசமானால் அவரை அங்கே மாற்றிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் ஸ்ட்ரெச்சரை உள்ளே வளைத்துத் திருப்ப வேண்டியதில்லை, நேராக ஏற்றிவிடலாம். போனவர் ஆஸ்பத்திரியில் இறப்பார், இல்லையென்றால் வழியிலேயே இறப்பார். ஹோமில் இறக்க மாட்டார். "அந்த ரூமுக்கு நான் டிபார்ச்சர் லவுஞ்சுன்னு பேர் வெச்சிருக்கேன். அதுக்குள்ள போனவா யாரும் திரும்பி வந்து இட்லி சாப்பிட்டதில்லை" என்றார் மாமா. ஆளை ஏற்றும்போது ஹாலில் டிவியைச் சத்தமாக வைத்துவிடுவார்களாம். யார் போனார் என்பது மறுநாள் சாப்பாட்டு மேசையில் காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்த்துத்தான் தெரியுமாம்.

நிர்வாகியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவு வீடு என்று முணுமுணுப்பார்கள், இடத்துக்குச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற பயம் அவருக்கு. எங்களைப் போன்ற பிள்ளைகளும் ஒருவரும் இறக்காத ஹோமைத்தானே விரும்பினோம்.

அப்பாவும் அந்த அறைக்குப் போனார். ஒருமுறை அல்ல, ஐந்து மாதத்தில் மூன்று முறை. மூச்சு வாங்கும், முன் அறை, ஆம்புலன்ஸ், ஐ.சி.யூ., நுரையீரலில் கோத்த நீரை வடியவைத்துத் திருப்பி அனுப்புவார்கள். மாமாவின் கணக்கைப் பொய்யாக்கிவிட்டு ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து இட்லி சாப்பிட்டார். ஆனால் மூன்றாம் முறை வந்தவர் பழைய அப்பா இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. "மாஸ்க்கை இழுக்கேன்னு கையக் கட்டிப் போட்டுட்டாங்கட்டி. மூக்கு அரிச்சா சொறியக்கூட முடியல. இன்னொருக்க என்னைய அங்க கொண்டு போவாதட்டி" என்றார். என் எண்பத்து நான்கு வயது அப்பா என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. சரி என்று சொன்னேன். எப்படிக் காப்பாற்றப் போகிறேன் என்று தெரியாமலேயே சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹோமுக்கு ஒரு புது சிஸ்டர் பொறுப்புக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். குடிசைகளை எடுத்தபோது குடும்பத்தோடு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருபவர். ஆயாவாகத் தொடங்கி, நர்சிங் படித்து, பிறகு தீராத நோய்க்காரர்களின் வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சியும் எடுத்துக்கொண்டு வந்தவர். முதல் நாள் அப்பாவின் கட்டிலருகே வந்து நின்றதும், அப்பா மூச்சிரைக்க அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஜாக்கெட்டு மேட்ச் இல்லம்மா. சேலை கிளிப்பச்சை, இது பாசிப்பச்சை" என்றார்.

"இன்னா நைனா, மூச்சு உடவே முடியல, ஜாக்கெட்டு கலர் பாத்துகினு கீற?" என்று சிஸ்டர் சிரித்துவிட்டார். என் அப்பாவை யாரோ நைனா என்று கூப்பிடுவதும், 'நீ' போட்டுப் பேசுவதும் எனக்குச் சுருக்கென்றது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக நான் பார்க்காத சிரிப்பு.

சிஸ்டர் செய்த முதல் காரியம் முன் அறைக்குள் புகுந்ததுதான். சக்கரக் கட்டிலை வெளியே தள்ளிவிட்டு, மருந்து அலமாரியையும் தன் மேசையையும் அங்கே போட்டுக்கொண்டார். ஆயாக்களெல்லாம் இனிமேல் மதியச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிட வேண்டும் என்றார். ஒரு வாரத்தில் அந்த அறையில் கருவாட்டு வாசனையும் அரட்டையும் நிரம்பின. பெரியவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டாலும் மாமாவும் வாசலில் நின்று அரட்டையைக் கேட்டார்.

அதன் பிறகு நான் கண்ணால் பார்த்தவற்றை எழுத வேண்டும். பேச முடியாத ஒரு பாட்டியம்மாவின் முகத்தை ஆயாக்களுக்குக் காட்டி, "புருவம் சுளிக்கிது பாரு, முட்டிய மடக்கினு கீது பாரு, அது கோவம் இல்ல, வலி. திட்டாத, என்னாண்ட சொல்லு" என்று சிஸ்டர் பாடம் நடத்தினார். நானும் ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவள்தான், ஆனால் யாருடைய புருவத்தையும் அப்படிப் படித்ததில்லை. வாய் வறண்டு கிடப்பவர்களுக்கு ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவது, திரும்பிப் படுக்க முடியாதவர்களை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிவிடுவது எல்லாம் வழக்கமாயிற்று. பயிற்சி கொடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருநாள் ஒரு டாக்டரம்மா வந்தார். அப்பாவின் மூச்சிரைப்புக்குக் கொஞ்சமாக மார்ஃபின் மாத்திரை எழுதினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். "அது போதை மருந்து இல்லையா டாக்டர்?" என்றேன். இந்தக் குறைந்த அளவு மூச்சுத் திணறலின் தவிப்பைக் குறைக்கும், ஆயுளைக் குறைக்காது, கணக்கு எழுதிப் பூட்டி வைத்துக் கொடுப்போம் என்று பொறுமையாகச் சொன்னார். மறுநாள் அப்பா உட்கார்ந்து மாமாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சிஸ்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்தார். சட்டப்படி எழுதும் உயில் போன்றது அல்ல, ஹோமுக்கான தாள். உடம்பு ரொம்ப முடியாமல் போனால் எங்கே இருக்க விருப்பம், என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காக யார் பேசுவார் என்று கேட்டு எழுதுவார். நிர்வாகி முதலில் துள்ளிக் குதித்தார். வயதானவர்களிடம் சாவைப் பற்றிப் பேசுவதா என்றார். "சார், அவங்க தெனம் அத்தத்தான் நெனச்சிகினு கீறாங்க. நாமதான் பேசாத கீறோம்" என்று சிஸ்டர் சொன்ன பிறகு, அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். அப்பா தன் தாளில், ஆஸ்பத்திரி வேண்டாம், இந்தக் கட்டில் போதும் என்று எழுதச் சொன்னார். அவருக்காகப் பேச வேண்டியவள் என்று என் பெயரைச் சொன்னார்.

தம்பி அதைக் கேட்டதும் கொதித்துவிட்டான். "அப்பாவ ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டு போவாம ஹோம்ல போட்டுச் சாகவிட்டாங்கன்னு கடைத்தெருவுல நாலு பேரு பேசுவாங்கக்கா. நான் எப்படிக் கல்லாவுல உக்காருவேன்?" என்றான். கை கட்டப்பட்டதைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. ஐ.சி.யூ.வில் ஐந்து நிமிடம் பார்க்க விட்டபோதெல்லாம் அப்பா போர்வைக்குள்தான் இருந்தார் என்றான். நான் அவனைக் கோழை என்றேன். ஊர் வாய்க்குப் பயந்தவன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். என்னைப் போலத் துணிச்சல்காரி கிடையாது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தத் துணிச்சல் எவ்வளவு என்று தெரிந்தது. நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மாமா குளிக்கப் போயிருந்தார். திடீரென்று அப்பாவின் மூச்சு ஏறத் தொடங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்து திறந்து மூடியது, உதடு நீலம் பாரித்தது. சிஸ்டர் சிஸ்டர் என்று கத்தினேன். அவர் பின்கட்டில் யாரையோ குளிப்பாட்டிக்கொண்டிருந்தார், தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம், இருபது அடி தூரம்தான். நான் செல்போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகு தம்பியைக் கூப்பிட்டேன். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு, தாள், தம்பியோடு போட்ட சண்டை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்பா மூச்சுக்குத் தவிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆயா ஒருத்தி போய்ச் சொல்லி, ஈரக்கையோடு சிஸ்டர் ஓடி வந்தபோது நான் செய்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பரவால்ல மிஸ்ஸு. வண்டி வரட்டும். நீ இப்ப நைனா கையப் புடி" என்றார். அப்பாவைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்து, முன்னால் தலையணையை அணைத்துக்கொள்ள வைத்தார். ஜன்னலைத் திறந்தார், ஒரு சின்ன ஃபேனை அவர் முகத்துக்கு நேராக வைத்தார். டாக்டரம்மாவிடம் போனில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மாத்திரையை நுணுக்கிச் சில சொட்டுத் தண்ணீரில் கரைத்து அப்பாவின் கன்னத்துக்குள் விட்டார். "நைனா, நான் கீறேன். மிஸ்ஸு கீறாங்க. மெதுவா உடு" என்று காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். கழுத்து நரம்பு மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது.

அப்போது ஆம்புலன்ஸும் தம்பியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை அறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "யாரு கூப்பிட்டது? ஏத்தலாமா?" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, அடுத்த நிமிடம் மறுபடி மூச்சு ஏறிவிட்டால்? ஏற்றுங்கள் என்று சொன்னால், அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்பா கண்ணைத் திறந்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். என் கையிலிருந்து தன் கையை உருவினார். இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டார்.

தம்பி அதைப் பார்த்துவிட்டான். வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டிக்காரர்கள் பக்கம் திரும்பி, "வேண்டாம்ணே. எங்க தப்புதான். நீங்க போங்க" என்றான். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு அப்பாவின் கைகளைத் தேடி எடுத்து, மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அழுதான். நாற்பத்தெட்டு வயதில் கடை முதலாளி தேம்பித் தேம்பி அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். கோழை என்று சொன்னதற்கு அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா" என்றான்.

அன்று முழுவதும் தம்பி கடைக்குப் போகவில்லை. அப்பா இரண்டு ஸ்பூன் இளநீர் குடித்தார். அரைக்கண்ணைத் திறந்து தம்பியிடம் கடையைப் பற்றிக் கேட்டார், பதிலைக் கேட்காமலே தூங்கினார். சனிக்கிழமை காலை, பக்கத்துக் கட்டிலில் மாமா காப்பி குடிக்காமல் காத்துக்கொண்டிருக்க, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் தம்பியும் கையைப் பிடித்திருக்க, அப்பாவின் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. அப்புறம் வரவில்லை. சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவின் நெற்றியில் கை வைத்து, "போய்ட்டு வா நைனா" என்றார். அந்த ஹோமில் இறந்த முதல் ஆள் என் அப்பா. எனக்கு அதில் பெருமைதான்.

டிவி போடவில்லை. சிஸ்டர் அறை அறையாகப் போய்ச் செய்தி சொன்னார். பார்க்க விரும்பியவர்கள் வந்தார்கள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், சக்கர நாற்காலியில் வந்தார்கள். பேச முடியாத அந்தப் பாட்டியம்மாவும் வந்து அப்பாவின் காலைத் தொட்டார். அப்பாவை முன்வாசல் வழியாகத்தான் எடுத்துப் போனோம். நிர்வாகி கேட்டின் இரண்டு கதவுகளையும் தானே திறந்துவிட்டுச் செருப்பைக் கழற்றி நின்றார். எதிர்வீட்டு அம்மாள் பால்கனியிலிருந்து கும்பிட்டாள். அக்கம்பக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இத்தனை வருடம் யாருக்குப் பயந்தோம் என்று நிர்வாகிக்குமே விளங்கியிருக்காது. கடைத்தெருவிலும் யாரும் தம்பியைக் கேவலமாகப் பேசவில்லை. எங்கப்பனுக்கு இது கிடைக்கலியே என்று ஒருவர் சொன்னாராம்.

காரியமெல்லாம் முடிந்து அப்பாவின் சாமான்களை எடுக்கப் போனேன். மாமா தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"முதலாளி கஷ்டப்பட்டாரா? சனிக்கிழமை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நான் குளிக்கப் போயிட்டேன். நிஜத்தைச் சொல்லு, எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மூச்சு ஏறியது, நான் பயந்தது, இருபது அடி தூரத்திலிருந்த சிஸ்டரை விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது, அப்பா கையை ஒளித்துக்கொண்டது, அதன் பிறகு தவிப்பே இல்லாமல் தூங்கியது. கோர்ட்டில் சாட்சி சொல்வதைக் குறித்துக்கொள்பவர்போல இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து தன் தாளை எடுத்து நீட்டினார். எல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார். தனக்காகப் பேச வேண்டியவர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"நேக்குன்னு யாரும் இல்லை. இதுல நீ கையெழுத்துப் போடறியா?"

"மாமா, பெத்த அப்பாவுக்குக் கொடுத்த வாக்கையே காப்பாத்தாம ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினவ நான். என்னைப் போய்க் கேக்கறீங்களே?"

"அதனாலதான் கேக்கறேன். மத்தவா எல்லாரும் இனிமேதான் அந்தத் தப்பைப் பண்ணணும். நீ பண்ணி முடிச்சுட்டே."